கருத்தையா மேஸ்திரியின் தொண்டை

கருத்தையா மேஸ்திரியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், நான் சொல்வதில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். என் அம்மா செல்லத்தாய், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவருக்குக் கீழே பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறாள். நான் பாண்டிசெல்வி. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி அறை நர்ஸ். வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்க்கிற அறை அது. மனிதர்களின் உள்பக்கத்தைத் தினமும் பார்ப்பதால் வெளிப்பக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

மேஸ்திரியின் வெளிப்பக்கம் இப்படி இருக்கும். வயது ஐம்பத்தாறு. சொந்த ஊர் தேவதானம். மெஷினில் நிரம்பிய நூல்கட்டைகளைக் கழற்றிப் போடுகிற பையனாக மில்லுக்குள் வந்தவர், மேனேஜர் வரும்போதெல்லாம் முதுகை வளைத்து வளைத்தே மேஸ்திரி ஆகிவிட்டார். வளைந்த முதுகுக்கு ஈடுகட்ட வயிறு முன்னால் வந்துவிட்டது. காக்கிச் சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் எப்போதும் திறந்தே கிடக்கும். மீசைக்கு மட்டும் வாரம் தவறாமல் மை. பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு.

அவருடைய பெருமை முழுவதும் அந்த வயிற்றில்தான் இருந்தது. "எனக்கு இந்த நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், ஒண்ணும் கெடையாதுலே. கல்லு வயிறு" என்று சட்டையைத் தூக்கித் தட்டிக் காட்டுவார். வயிற்று வலி என்று எவனாவது லீவு கேட்டால் போச்சு. அந்த வாரம் முழுவதும் அவனுக்கு "நோஞ்சான்" என்றுதான் பெயர். மாத்திரை போடுகிறவர்களைக் கண்டால் மேஸ்திரிக்கு இளப்பம். தன் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்பது ஏதோ தன் சாமர்த்தியத்தால்தான் என்று நினைக்கிற ஆட்களில் ஒருவர்.

ஆனால் தொண்டை மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஏழெட்டு வருஷமாகக் குரல் கம்மியே இருந்தது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "க்ர்ர்ஹ்ம்" என்று செருமாமல் அவரால் பேச முடியாது. அந்தச் செருமல் மில்லில் எல்லோருக்கும் ஒரு வசதி. ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும், பெண்கள் செல்போனை இடுப்பில் சொருகிக்கொள்வார்கள். கேட்டால், "பஞ்சும்மா, பஞ்சு. முப்பத்தொம்போது வருச சர்வீஸ் தொண்டையில இருக்கு" என்பார், ஏதோ மெடல் வாங்கியது போல.

பஞ்சுத் தூசிக்கு மில்காரர்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் ஒரு துண்டு வெல்லமும் ஒரு வாழைப்பழமும் தின்பார்கள். தொண்டையில் ஒட்டிய பஞ்சைப் பழம் வழித்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும் என்று நம்பிக்கை. தூசி போவது நுரையீரலுக்கு, பழம் போவது இரைப்பைக்கு. இரண்டுக்கும் பாதை வேறு. இதைச் சொன்னால் அம்மாவே "ஒனக்குத் தெரியாது, சும்மா கெட" என்பாள். மற்றவர்களுக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. மேஸ்திரிதான் எதையும் அளவோடு செய்யமாட்டாரே. பன்னிரண்டு மணிக்கு அரை நைட் ஷிப்ட் முடிந்ததும் கடையில் நாலு பரோட்டா, சால்னா, இரட்டை ஆம்லேட். வீட்டுக்குப் போனதும் பஞ்சுக்கு மூன்று பழம், வெல்லம். அடுத்த பத்தாவது நிமிஷம் வெறுந்தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். தலையணை வைத்தால் கூன் விழும் என்பது அவருடைய கொள்கை. காலையில் குரல் வெளியே வராது. "பஞ்சு கூடிப்போச்சு" என்று மறுநாள் நாலு பழமாகத் தின்பார்.

இந்த மனிதர்தான் என் அம்மாவைச் சிரிப்புக்கு ஆளாக்கியவர். அம்மாவுக்கு ஒரு காலத்தில் நெஞ்சு எரிச்சல் தாங்கமுடியாமல் இருந்தது. டிஸ்பென்சரிக்குப் போய் வர ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டிருக்கிறாள். முப்பது பெண்களுக்கு முன்னால் மேஸ்திரி, "ஏட்டி செல்லத்தாயி, ராத்திரி எம்புட்டுத் தின்ன? வாயக் கட்டத் தெரியாதவளுக்கெல்லாம் வயிறு ஒரு கேடா?" என்றாராம். மேஸ்திரி சிரித்தால் சிரிக்க வேண்டும், அதுதான் அங்கே முறை. முப்பது பேரும் சிரித்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அப்போது நர்சிங் மூன்றாவது வருஷம். பின்னால் அவளுக்குக் குழாய் விட்டுப் பார்த்ததில் சின்னப் புண், ஆறு வாரம் மாத்திரையில் ஆறிவிட்டது. அம்மா அதோடு மறந்துவிட்டாள். எனக்கு ஆறவில்லை.

போன வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் ஆஸ்பத்திரி அந்த மில் கேன்டீனில் ஒரு கேம்ப் போட்டது. வேனில் போகும்போதே டாக்டர் ஜெபக்குமார் எங்கள் நாலு பேருக்கும் பாடம் எடுத்தார்.

"சிஸ்டர், இன்னைக்கு நாம தேடுறது நெஞ்செரிச்சல் இருக்கிறவங்கள மட்டும் இல்ல. அவங்க தானா வந்துருவாங்க. சில பேருக்கு வயித்து அமிலம் மேல ஏறும், ஆனா எரியாது. தொண்டை செருமல், குரல் கம்மல், காரணம் தெரியாத இருமல், இப்படித்தான் காட்டும். வருஷக்கணக்கா அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயோட உள்தோல் மாறிரும். அப்படி மாறுனதுல கொஞ்சம் பேருக்குப் பின்னால அது புத்துநோயாகும். மாறுற கட்டத்துலயே பிடிச்சா மனுஷன் பிழைச்சுக்குவான். ஐம்பது வயசு தாண்டின ஆம்பள, தொப்பை, பீடி, கூடத் தொண்டை செருமல்னா கட்டாயம் ஸ்கோப்புக்கு எழுதுங்க. அவங்க சொல்றத மட்டும் எழுதாதீங்க. தொண்டையைக் காது கொடுத்துக் கேளுங்க."

ஃபாரத்தில் தொண்டைச் செருமலுக்கென்றே தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் 'ஆம்' என்று டிக் போட்டால் ஆஸ்பத்திரியில் இலவசமாக ஸ்கோப். 'இல்லை' என்றால் வீட்டுக்கு.

வரிசையில் நாற்பது பேர் நிற்க, மேஸ்திரி நேரே முன்னால் வந்து என் மேஜையில் உட்கார்ந்தார். "செல்லத்தாய் மகதான நீ? சீக்கிரம் எழுது, எனக்கு ஜோலி கெடக்கு. க்ர்ர்ஹ்ம்."

"நெஞ்செரிச்சல் இருக்கா?"

"எனக்கா!" வரிசை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். சட்டையைத் தூக்கி வயிற்றைத் தட்டினார். "கல்லு! போட்டுக்கோ, இல்லைன்னு. க்ர்ர்ஹ்ம்."

"தொண்டைக் கரகரப்பு?"

"அது பஞ்சு. அதெல்லாம் ஒரு சீக்கா? ஒங்க ஆத்தா மாதிரி அதுக்கும் இதுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுற ஆளா நானு? க்ர்ர்ஹ்ம்."

ஐந்து நிமிஷத்தில் பதினொரு தடவை செருமினார். நான் எண்ணினேன். எனக்குத் தெரியும். டாக்டர் வேனில் சொன்ன ஆள் அச்சு அசலாக என் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று நன்றாகத் தெரியும். 'ஒங்க ஆத்தா மாதிரி' என்ற சொல் காதில் இருந்தது. அந்தத் தனிக் கட்டத்தில் 'இல்லை' என்று டிக் போட்டேன். அவர் சொன்னதைத்தானே எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போ, உன் கல்லு வயிற்றைக் கட்டிக்கொண்டு போ என்று நினைத்தேன். நான் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 'தற்போது பரிசோதனை தேவையில்லை' என்ற சீட்டை மேஸ்திரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஸ்கோப்புக்கு நின்றவர்களைப் பார்த்து "நோஞ்சான் பயலுகளா" என்று சிரித்துக்கொண்டே போனார். இரண்டு நாளில் அந்தச் சீட்டை லேமினேட் செய்து தன் மேஜைக்குப் பின்னால் மாட்டிவிட்டார் என்று அம்மா சொன்னாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கமாகச் சொல்கிறேன், ஆனால் இருந்தது.

அந்தச் சந்தோஷம் இரண்டு மாதம் நீடித்தது. கேம்பில் எழுதியவர்களுக்கெல்லாம் ஸ்கோப் முடிந்து, ரிப்போர்ட் வந்தது. ஒருவருக்கு உள்தோல் மாறியிருந்தது. மாரிக்கனி என்ற தொழிலாளி, மேஸ்திரிக்குக் கீழேதான் வேலை. டாக்டர் எங்களைக் கூப்பிட்டு அவர் ஃபாரத்தைக் காட்டினார். நெஞ்செரிச்சல்: இல்லை. தொண்டைச் செருமல்: ஆம். "இவரு தன் வாயால ஒண்ணுமே இல்லைன்னுதான் சொல்லியிருக்காரு. காது கொடுத்துக் கேட்டு யாரோ டிக் போட்டிருக்கீங்க. அந்த ஒரு டிக்தான் இவரக் காப்பாத்தியிருக்கு" என்றார். டிக் போட்ட பொண்ணுக்கு எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். தட்டி முடித்ததும் அந்த ஃபாரத்தை வாங்கி மற்ற கட்டங்களைப் படித்தேன். மாரிக்கனிக்கு வயது நாற்பத்தெட்டு, ஒல்லி, பீடி கிடையாது. அவருக்கே இப்படி என்றால் மேஸ்திரிக்கு?

அவரைத் திரும்பக் கூட்டிவந்தாக வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அந்த ஆள் வீட்டு வாசலில் போய் நிற்பதா என்று மனசு முறுக்கிக்கொண்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் இறங்கி விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மட்டன் சுக்காவும் சோறுமாக உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"மேஸ்திரி, கேம்ப்ல ஒங்க ஃபாரத்த நான் தப்பா எழுதிட்டேன். ஒங்களுக்கு ஒரு ஸ்கோப் பாக்கணும். பணம் வேண்டாம்."

"தப்பா? நீதான எழுதுன?" எலும்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "ஒங்க ஆஸ்பத்திரி சீல் இருக்கு, நீ போட்ட கையெழுத்து இருக்கு, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு. நீயே எழுதி நீயே அழிப்பியோ? இதுக்குத்தான் செல்லத்தாய் ஒன்னப் படிக்க வச்சாளா? க்ர்ர்ஹ்ம்."

நான் கொடுத்த சீட்டையே எனக்கு எதிராகப் பிடித்தார். அவர் மனைவி இசக்கியம்மாள்தான் அடுப்படி வாசலில் நின்று மெல்லச் சொன்னாள்: "விடியக்காலம் நாலு மணிக்கு மூச்சு முட்டி எந்திரிச்சு உக்காந்துக்கிடுதாக அவிய. செத்த நேரம் இருமிட்டுப் பொறவுதான் படுக்காக. வாயெல்லாம் புளிப்புத் தண்ணின்னு சொல்லுவாக."

"ஏட்டி, ஒன்ன யாரு கேட்டா?" என்று மேஸ்திரி கத்தினார். கத்தல் பாதியில் குரல் உடைந்து செருமலாக முடிந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னேன். "ஒரு ஃபாரம் விட்டுப்போச்சு சார்" என்றேன். விட்டுப்போச்சு என்பது எவ்வளவு வசதியான சொல்! டாக்டர் போன் செய்தார். மேஸ்திரி, கோயில் கொடைத் திருவிழா வேலையாக இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அடுத்த ஒன்றரை மாதத்தில் மறுபடி மறுபடி செய்தும் எடுக்கவே இல்லை.

அம்மாவுக்கு விஷயம் இசக்கியம்மாள் மூலமாகப் போய்விட்டது. "என்னட்டி, மேஸ்திரிக்கு ஏதோ பாக்கணும்னு சொன்னியாமே?" என்று கேட்டாள். ஃபாரத்தில் தப்பாக எழுதிவிட்டேன் என்று அவளிடமும் அதே சொல்லைத்தான் சொன்னேன். மாரிக்கனிக்கு இருந்ததுபோல இருக்கலாம், இப்போதே பார்த்தால் சரிசெய்துவிடலாம், விட்டால் சொல்ல முடியாது என்றேன். "சரி, நாளைக்கு நாலு மணிக்கு மில்லு கேட்டுக்கு வா" என்றாள்.

நாலு மணிக்குப் பகல் ஷிப்ட் வெளியே வரும், அரை நைட் ஷிப்ட் உள்ளே போகும். இருநூறு பேர் கேட்டில் மோதிக்கொள்கிற நேரம். மேஸ்திரி வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தார். அம்மா டிபன் பையோடு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"மேஸ்திரி, குழாய்க்குப் பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிப் போன எடுக்க மாட்டேங்கியளாமே?"

"யாருட்டி பயந்தா?"

"நான் முழுங்கியிருக்கேன். மாரிக்கனி முழுங்குனான். நீங்க மட்டும் கோயில் வேலைன்னு ஒளியுதியளாம். ஊரெல்லாம் சொல்லுதாக."

"எனக்கு என்ன கேடு? எனக்கு எதுக்கு அது?"

"கேடு இல்லேன்னா தைரியமாப் போயிட்டு வரவேண்டியதுதான? பொம்பள நான் முழுங்குனத ஒங்களால முழுங்க முடியாதோ?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு இரண்டு ஷிப்டும் சேர்ந்து சிரித்தது. இந்தத் தடவை அவர் சிரிக்கச் சொல்லாமலே சிரித்தார்கள். மேஸ்திரியின் முகம் மீசை மையைவிடக் கறுத்தது. ஸ்டூலை விட்டு எழுந்து, "வர்ற வெள்ளிக்கிழமை! எவன் வேணும்னாலும் வந்து பாத்துக்கோங்கலே!" என்று கத்தினார்.

எனக்குக் குளுகுளு என்று இருந்தது. மினி பஸ்ஸில் வரும்போது, "நல்லாக் குடுத்தம்மா. அன்னைக்கு ஒன்னப் பேசுன பேச்சுக்கு இன்னைக்குத்தான் சரியாப்போச்சு" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பேச்சு? அதுவா?" என்றாள். "அதுக்காவாட்டி கேட்டேன்? அந்தாளு வேற எதுக்கும் அசைய மாட்டாக. ரோசத்துக்குத்தான் அசைவாக. பதினேழு வருசமா அந்த இருமலக் கேக்கேன். இப்ப முன்ன மாதிரி இல்ல, பயமா இருக்கு. பேசுனாகன்னு சாவட்டும்னு விட்டுற முடியுமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கூடவே தன் வீரத்தைப் பார்க்க நாலு அல்லக்கைகள். இசக்கியம்மாள் பின்னால் தனியாக வந்தாள். ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தேன்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பச்சத் தண்ணி படல."

தொண்டை மரத்துப்போக மருந்து அடிக்கிற நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகம். "பழம்?"

"பழம் சாப்பாடா? அது பஞ்சுக்கு. காலையில மூணு தின்னேன், தொண்ட சுத்தமா இருக்கட்டும்னு. க்ர்ர்ஹ்ம்."

நான் மருந்து டப்பாவைக் கீழே வைத்தேன். ஒரு மனிதன் இவ்வளவு முட்டாளாக இருப்பதற்கு எவ்வளவு நாள் பழக வேண்டும் என்று தெரியவில்லை. குழாயை விட்டிருந்தால் பழம் மேலே வந்து மூச்சுக்குழாயில் அடைத்திருக்கும். சாயங்காலம் வரை காத்திருக்கச் சொன்னேன். அல்லக்கைகள் மத்தியானமே ஷிப்டுக்கு நேரமாச்சு என்று நழுவிவிட்டார்கள். நாலு மணிக்கு அவரை உள்ளே கூப்பிட்டபோது வெளியே இசக்கியம்மாள் மட்டும்தான் பெஞ்சில் இருந்தாள். பார்க்க ஆள் இல்லாததும் மேஸ்திரியின் வீரம் பாதியாகிவிட்டது. இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, குழாயைக் கடிக்காமல் இருக்கப் பற்களுக்கு நடுவே வளையத்தைக் கொடுத்ததும் மீதியும் போய்விட்டது. குழாய் தொண்டையைத் தாண்டும்போது குமட்டிக் கண்ணீர் வழிந்தது. என் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். நல்ல இறுக்கு. எனக்கு இரக்கம் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வரவில்லை. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உணவுக்குழாயின் உள்பக்கம் வெளிறிய ரோஸ் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். இரைப்பை தொடங்குகிற இடத்தில் சிவப்பு ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. மேஸ்திரிக்கு அந்தக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சிவப்பு, நாக்கு நாக்காக மேலே ஏறியிருந்தது. டாக்டர் வேனில் சொன்ன தோல் மாற்றம் அதுதான். டாக்டர் சுற்றிச் சுற்றி எட்டு இடத்தில் சதைத் துணுக்கு எடுத்தார். ஒவ்வொன்றையும் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதினேன். கருத்தையா, ஐம்பத்தாறு. எட்டுத் தடவை எழுதினேன். கேம்ப் முடிந்து அப்போது ஐந்து மாதம்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. மேஸ்திரியும் இசக்கியம்மாளும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஃபைலோடு நின்றேன்.

"புத்துநோயா சார்?" மேஸ்திரியின் குரல் எப்போதையும்விடக் கம்மியிருந்தது.

"இல்ல. ஆனா அந்தப் பக்கம் போற வழியில ஏற்கெனவே காலெடுத்து வச்சாச்சு. தோல் மாறுனதோட, செல்லும் கொஞ்சம் கெட ஆரம்பிச்சிருக்கு. மதுரையில உள்ள வழியாவே சூடு வச்சுப் பொசுக்கி எடுத்துருவாங்க. ஆபரேஷன் இல்ல. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருதடவ குழாய் விட்டுப் பாக்கணும். மாத்திரை தினமும். பீடி கூடாது. சாப்பிட்டு மூணு மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டில் தலைமாட்ட உயர்த்தணும்."

"எனக்கு எரியவே இல்லையே சார்."

"அதுதான் இதுல மோசம். எரிஞ்சிருந்தா எப்பவோ வந்திருப்பீங்க."

"கேம்ப் அன்னைக்கே பாத்திருந்தா?" என்று மேஸ்திரி கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு 'விட்டுப்போச்சு' மட்டும்தான் தெரியும். "அஞ்சு மாசத்துல என்ன மாறிச்சு, மாறலைன்னு யாராலயும் சொல்ல முடியாது மேஸ்திரி. அப்பவும் இதே நிலைமையா இருந்திருக்கலாம். ஒரு படி கம்மியாவும் இருந்திருக்கலாம்" என்றார்.

யாராலயும் சொல்ல முடியாது. அந்த வார்த்தை எனக்குள்ளே உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து எழுந்திருக்கவில்லை.

மதுரையில் இரண்டு தடவை சூடு வைத்தார்கள். திரும்பி வந்த மேஸ்திரி திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த மனிதரைத் தெரியாது. இப்போது அவர் ஒரு நிபுணர். "எனக்கே சந்தேகம் வந்துதான் போயிப் பாத்தேன்" என்று மில் முழுக்கச் சொல்லிவைத்தார். செல்லத்தாய் என்ற பெயரை மறந்தும் சொல்லவில்லை. எவனாவது இருமினால் போதும். "ஏலே, வாயத் தொற" என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். டார்ச்சில் என்ன தெரியும்? அண்ணாக்குத் தெரியும். முன்பு மாத்திரை போடுகிறவர்களை நோஞ்சான் என்றவர், இப்போது போடாதவர்களை "பொறுப்பத்த பய" என்கிறார். ஆனால் ஒன்று. அவர் திட்டிய திட்டில் பதினாறு பேர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் ஆறு மாதச் சோதனைக்கு வந்தார். வெளி பெஞ்சில் கூமாப்பட்டியிலிருந்து வந்த ஒரு விவசாயி, குழாய்க்குப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி அவருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நான் மேஸ்திரியை அழைக்கப் போனேன்.

"இந்தா வருதே, இந்தப் பிள்ளதான்" என்று என்னைக் காட்டினார். "ஃபாரத்துல ஒரு டிக் தவறிப்போச்சுன்னு என் வீட்டத் தேடி வந்து நின்ன பிள்ள. நான்தான் கிறுக்குத்தனமா விரட்டிட்டேன். இந்தக் காலத்துல எவ வருவா? தங்கமான பிள்ள."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். டாக்டர் இன்னும் வரவில்லை. மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"டிக் தவறிப்போகல மேஸ்திரி. தெரிஞ்சுதான் போட்டேன். ஒங்களுக்கு இருக்கும்னு அன்னைக்கே தெரியும். வேணும்னே இல்லைன்னு போட்டேன்."

அவர் கை பொத்தானில் நின்றது. "எதுக்கு?"

"எங்கம்மாவ முப்பது பேர் முன்னாடி கேட்டீங்களே. வாயக் கட்டத் தெரியாதவளுக்கு வயிறு ஒரு கேடான்னு."

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார். அப்படி ஒன்று நடந்ததே அவர் நினைவில் இல்லை. எத்தனையோ பேரை எத்தனையோ சொன்னவர், இதுவும் அதில் ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆத்திரம் திரும்பி வந்தது. இந்த மறதிக்காகவே இன்னொரு தடவை அதே டிக்கைப் போடலாம் போலிருந்தது.

கத்தப்போகிறார், டாக்டரைக் கூப்பிடப்போகிறார் என்று நின்றேன். என் வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன். அவர் கத்தவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். மில்லில் லீவு கேட்டவர்களைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"செல்லத்தாய்க்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிராத" என்றார். "அவ ஒன்ன மாதிரி இல்ல, கேட்டா தாங்க மாட்டா."

பிறகு இடதுபக்கமாகத் திரும்பிப் படுத்து, வளையத்துக்காக வாயைத் திறந்தார்.